தானேயில் ஒரு நேயர்

ஆழ்வார்பேட்டை,
12 அக்டோபர் 2025, ஞாயிறு

ஷாலோம் அக்கா,

யோனா எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன், அம்மாவும் இருக்கிறாள். நீயும் அத்தானும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

"வாட்ஸ்அப்ல நீ போடற ஓகேவை நான் நம்ப மாட்டேன். தாள்ல எழுது. நாலு பக்கம் எழுதினா எங்கயாவது உளறிடுவ" என்று மெசேஜ் போட்டாய். சரி, பேனா வாங்கிவிட்டேன். பதினோரு மாதமாக நீ அம்மாவிடம் பேசுவதில்லை. அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள என்னிடம் உளறல் கேட்கிறாய். நல்ல ஏற்பாடு.

சாப்பாடு டெலிவரியை விட்டுவிட்டேன். முதுகு போய்விட்டது. காலேஜை விட்டதற்கு நீ ஏற்கெனவே திட்டி முடித்துவிட்டதால் அந்தப் பேச்சு வேண்டாம். இப்போது அம்மாவின் ரேடியோவிலேயே கன்சோலில் உட்காருகிறேன். அடையாறில் அந்தக் கல்லூரியின் மூன்றாவது மாடி, ஏசிக்குக் கீழே வாளி, நீ பார்த்த அதே இடம்தான். வாளி மட்டும் புதுசு.

பதினாறு வருஷமாக வெள்ளிக்கிழமை நாலு மணி. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அம்மா செய்வது வேலை என்று புரிந்தது. முதலில் தோரா வேதத்தில் அந்த வாரத்துப் பகுதியைக் கதையாகச் சொல்வாள். அப்புறம் நேயர் கடிதம். நாலரைக்கு "இன்னிக்கி நம்ம சென்னையில விளக்கேத்தற நேரம்" என்று மணியைச் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடுவாள். பொழுது சாய்ந்து சபாத் ஓய்வு தொடங்குவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். சென்னையில் நம்மைப்போல் யூதர்கள் எத்தனை வீடு? கேட்பதெல்லாம் மற்றவர்கள்தான். ராயப்பேட்டையில் மெத்தை தைக்கும் கரீமுல்லா பாய் என்ன சொல்கிறார் தெரியுமா? "உங்கம்மா சொல்ற டைம்ல பதினெட்டு நிமிஷம் கூட்டினா எங்க மக்ரிப் தொழுகை நைனா. கரெக்டா கீது." மயிலாப்பூரில் வீணை சொல்லித்தரும் அபயாம்பாள் மாமி அதே நேரத்துக்கு அவர் ஆத்து சாமி விளக்கை ஏற்றுகிறாராம்.

ஒரு விஷயம். இன்டர்நெட்டில் எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எங்கள் கம்ப்யூட்டரில் தெரியும். போன வெள்ளி சாருலதா மேடம் (இங்கே எல்லாம் அவர்தான்) திரையைப் பார்த்துவிட்டு, "சென்னை நாப்பத்தொண்ணு, மதுரை ரெண்டு, தானே ஒண்ணு. தானேல யாருப்பா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அம்மாவுக்கு லேசாகத் தொண்டைக் கட்டு. மிளகுப் பால் குடிக்கிறாள்.

இப்படிக்கு, இன்னும் உளறாத தம்பி,
யோனா


தானே,
19 அக்டோபர் 2025

அன்புள்ள யோனாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். அத்தானுக்கு ஷிப்ட் மாறியிருக்கிறது. மாமியாருக்கு மூட்டு வலி. எனக்கு ஒன்றுமில்லை.

தானேயில் இருபது லட்சம் பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் தமிழ் ரேடியோ கேட்டால் அது நான்தான் என்று முடிவு கட்டுவாயா? வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நான் ஆபீஸில் இருக்கிறேன். ஐந்தரைக்குள் வீட்டுக்கு வந்து விளக்கை ஏற்றிவிடுகிறேன். மாமியார், "இன்னும் வெயிலே போகலை, என்ன அவசரம் உனக்கு?" என்று மராத்தியில் முணுமுணுப்பார். வேலை முடிந்தால் முடிந்ததுதான் என்று சொல்லிவிடுவேன்.

நீ பதினோரு மாதம் என்று எண்ணியிருக்கிறாய். எதற்காக என்று எண்ணினாயா? அப்போது நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய், உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முழுசாகக் கேள். சாராவுக்குத் தொண்ணூறு வயதில் பிள்ளை வரம் கிடைத்த கதையை அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில், "என் பொண்ணும் நாலு வருஷமா டாக்டர் டாக்டரா அலைஞ்சிக்கினு இருக்கா. நேயர்களே, அவளுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கோங்க" என்றாள். மைக்கில். என் பெயரையும் சொல்லி. நான் அதுவரை மாமியாரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. யாரோ அந்தத் துண்டை வெட்டி, மராத்தியில் விளக்கமும் எழுதி, இந்த வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

போனில் கேட்டேன். "வேண்டிக்கச் சொன்னது தப்பாடீ?" என்றாள். அவளுக்கு உலகமே நேயர்கள். நான் மகள் என்பது அவளுக்குப் புரியவில்லை. அவள் கத்தினாள், நான் கத்தினேன். அந்தக் குரலை இனி போனில் கேட்டால் திரும்பவும் கத்துவேன். வேண்டாம்.

தொண்டைக்கு எந்த டாக்டர் பார்க்கிறார்? மிளகுப் பாலை நிறுத்தச் சொல். அவளுக்கு நெஞ்செரிச்சல் வரும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா,
ஷோஷன்னா


ஆழ்வார்பேட்டை,
3 நவம்பர் 2025

ஷாலோம் அக்கா,

எல்லாரும் சுகம். மழை பிடித்துவிட்டது, தெருவில் முழங்கால் தண்ணீர். மாடி வீடு என்பதால் நமக்குப் பிரச்சினை இல்லை.

தாமதத்துக்குக் காரணம் வேலை. ரேடியோவில் ஆள் குறைவு.

அம்மாவுக்குத் தொண்டைக்காக டாக்டர் கொஞ்சம் ஓய்வு சொல்லியிருக்கிறார். வீட்டில் அதிகம் பேசுவதில்லை. தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிக் கொடுக்கிறாள். "பருப்பு வேகலை." "சட்டையை மாத்து." முன்பக்கம் ராகு காலம், பின்பக்கம் அம்மா. வீடு அமைதியாக இருக்கிறது. எனக்குப் பழக்கமில்லை. டிவியைப் போட்டு வைக்கிறேன்.

மற்றபடி வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி எப்போதும்போல. நீதான் கேட்பதில்லையே. அதனால் சொல்கிறேன்: நன்றாகப் போகிறது.

மிளகுப் பால் நிறுத்தியாயிற்று.

யோனா


தானே,
16 நவம்பர் 2025

யோனா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை.

சரி, கேட்கிறேன். ஒவ்வொரு வாரமும் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கேட்கிறேன். போதுமா? அவள் சொல்லும் சென்னை நேரத்துக்குத்தான் என் விளக்கை ஏற்றுகிறேன். இந்த ஊர் நேரத்துக்கு இருபது நிமிஷம் முன்னாடி. இந்த வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டு.

முந்தாநாளும் கேட்டேன். மறுபடியும் சொன்னாள். வார்த்தை மாறாமல். "என் பொண்ணும் நாலு வருஷமா டாக்டர் டாக்டரா." இப்போது ஐந்து வருஷம். அதைக்கூடச் சரியாக எண்ணவில்லை. சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே மைக்கில், அதே குரலில். படியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அவளிடம் சொல்: ஜெயித்துவிட்டாள். இனி தானேயில் யாரும் இல்லை.

எழுதாதே.

ஷோஷன்னா


ஆழ்வார்பேட்டை,
20 நவம்பர் 2025

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

அம்மா அதைச் சொல்லவில்லை. போன வருஷம் சொன்னதுதான் அது. நான் போட்டேன்.

அக்டோபர் இருபத்தேழாம் தேதி அம்மாவுக்குக் கழுத்தில் ஆபரேஷன். தைராய்டு கட்டி. ஒன்றரை வருஷமாக அதைத் துப்பட்டாவில் மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். புற்று இல்லை, பயப்படாதே. ஆனால் குரலுக்குப் போகும் நரம்பு கட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முன்னாடியே டாக்டர் சொன்னார், அம்மா படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாள். கட்டி போய்விட்டது, குரலும் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. சமையல்கட்டிலிருந்து கூப்பிட்டால் ஹாலில் இருக்கும் எனக்குக் கேட்காது. "ஆறு மாசம் பாருங்க. வரலாம், வராமலும் போகலாம்" என்கிறார் டாக்டர்.

உனக்குச் சொல்கிறேன் என்றேன். காலண்டர் தாளில் எழுதினாள்: "பாவம்னு வர்றவ எனக்கு வேணாம்."

ரேடியோவுக்கு ராஜினாமா எழுதி என்னிடம் கொடுத்தாள். அது இன்னும் என் பையில் இருக்கிறது. மேடத்திடம், அம்மா வீட்டிலேயே ரெக்கார்டு செய்து தருகிறாள், நான் கொண்டுவருகிறேன் என்று அடித்துவிட்டேன். அம்மா, நிகழ்ச்சி நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ரேடியோ பக்கமே போவதில்லை. நான் பழைய ஃபைலை எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று கேட்பாய். திரையில் தானேக்கு நேரே ஒன்று என்று வரும்போதெல்லாம் எனக்கு உன் முகம் தெரியும். அதை அணைக்கக் கை வரவில்லை. அவ்வளவுதான், பெரிய தியாகம் ஒன்றுமில்லை.

விளக்கு நேரம் தப்பக் கூடாது என்று மட்டும் பார்த்தேன். போன வருஷம் அதே வாரத்து ஃபைலை எடுத்தால் சூரியன் அதே நேரத்துக்குத்தானே விழும்? நவம்பர் பதினான்குக்கு, போன நவம்பர் பதினைந்து. இரண்டும் வெள்ளி. கடைசி ஒரு நிமிஷத்தைக் கேட்டுப் பார்த்தேன். ஐந்து இருபத்தொன்று. சரியாக இருந்தது. ஓட விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்கவே இல்லை, அக்கா. நீயும் அவளும் எந்தத் தேதியில் அடித்துக்கொண்டீர்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

காலேஜில் சார் சொல்வார், "யோனா, உனக்கு எல்லாத்துலயும் கடைசிப் பக்கம் மட்டும்தான் தெரியும்" என்று. உண்மைதான்.

என்னைத் திட்டு. அவளை விட்டுவிடு.

யோனா


ஆழ்வார்பேட்டை,
1 டிசம்பர் 2025

அக்கா,

நீ நலமா என்று கேட்கிறேன், பதில் வராது என்று தெரிந்தே.

போன இரண்டு வெள்ளியும் வெறும் பாட்டுத்தான் போட்டேன். மேடம் கேட்டதற்கு ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்றேன். திரையில் சென்னை முப்பத்தெட்டு, மதுரை ஒன்று. தானே என்ற வரியே இல்லை.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நேற்று கரீமுல்லா பாய் தேன் பாட்டிலோடு வந்தார். ரேடியோவில் இரண்டு வாரமாக அம்மா வரவில்லையே, ஜலதோஷமாக இருக்கும் என்று.

"இன்னாம்மா, இந்த மாசம் நடு வரைக்கும் கணீர்னு பேசிக்கினு இருந்தீங்கோ. அப்பால இன்னா ஆச்சு?"

அம்மா வாயைத் திறந்தாள். காற்று. பாய் என்னைப் பார்த்தார், அம்மாவும் என்னைப் பார்த்தாள். நான் தேன் பாட்டிலைப் பார்த்தேன். பாய் புரிந்துகொண்டு எழுந்து, என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டுப் போனார்.

அம்மா ஒரு தாளைக் கிழித்தாள். "உயிரோட இருக்கும்போதே என்னை ரெக்கார்டு ஆக்கிட்டியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். நவம்பர் பதினான்காம் தேதி எந்த ஃபைலைப் போட்டேன் என்பதையும். அதுவரைக்கும் கோபமாக எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் அதை மறுபடி எடுத்து இரண்டு வார்த்தை: "அவ கேட்டாளா?"

"வாரா வாரம் கேட்டுக்கிட்டு இருந்தா. ஆபீஸ் படிக்கட்டுல உக்காந்து. அன்னிக்கோட நிறுத்திட்டா" என்றேன்.

காலண்டரில் இன்றைய தாள் கிழிக்காமலே இருக்கிறது.

காலையில் ராஜினாமாவை மேடத்திடம் கொடுத்தேன். கால் மணி நேரம் திட்டினார், நியாயமான திட்டு. டிசம்பர் இருபத்தாறு கடைசி நிகழ்ச்சி. ஜனவரியிலிருந்து அந்த நேரத்தில் மாடித் தோட்டம். கத்தரிக்காய்க்கு எப்படி உரம் போடுவது என்று.

யோனா


தானே,
7 டிசம்பர் 2025

அன்புள்ள யோனாவுக்கு,

உடம்பு பரவாயில்லை. உன் கடிதங்கள் இரண்டும் மேஜையில் இருக்கின்றன. கிழிக்கவில்லை.

முட்டாள், உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சூரியன் வருஷா வருஷம் அதே தேதிக்கு அதே நேரம் விழும். ஆனால் நம் வாரத்துப் பகுதி இங்கிலீஷ் தேதியைப் பார்த்து வருவதில்லை. அது நிலாக் கணக்கு. போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் ஒரு வாரம் வித்தியாசம். நீ விளக்கு நேரத்தைச் சரியாகப் பிடித்தாய், கதையைத் தப்பாகப் பிடித்தாய். அக்டோபர் கடைசியில் அம்மா நோவா கதையை இரண்டு வாரம் தொடர்ந்து சொன்னபோதே எனக்கு இடித்தது. தொண்டை சரியில்லை, ஞாபகம் தடுமாறுகிறது என்று நினைத்தேன். நவம்பர் பதினான்கு சாரா செத்துப்போகும் பகுதி. சாராவுக்குப் பிள்ளை வரம் அதற்கு முந்தின வாரமே முடிந்துவிட்டது. கோபத்தில் அது தோன்றவே இல்லை. பதினாறு வருஷத்தில் ஒரு வாரம்கூடத் தப்பாதவள் மூன்று வாரம் எப்படித் தப்புவாள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. திட்டத்தான் தோன்றியது.

பழைய ஃபைல் இனி வேண்டாம். இன்னும் மூன்று வெள்ளி இருக்கிறது. நீயே பேசு. எந்த வாரம் எது என்று தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்: பன்னிரண்டாம் தேதி யோசேப்பைக் குழியில் தள்ளுவது, பத்தொன்பது பார்வோனின் கனவு, இருபத்தாறு யோசேப்பு தன் அண்ணன்களிடம் தான் யார் என்று சொல்வது. விளக்கு நேரமும் பக்கத்திலேயே.

இது உனக்கு மட்டும். நாங்கள் டாக்டரிடம் போவதை ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டோம். சண்டை ஒன்றும் இல்லை. ஒருநாள் காலையில் கிளம்பும்போது அத்தான் செருப்பைப் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான். களைத்துவிட்டோம். இதை யாரிடம் சொல்வது என்று நினைத்தபோது அம்மா முகம்தான் வந்தது. அதற்கப்புறம் அந்த மைக்கும் வந்தது.

அவள் பேசினால் இப்போது எப்படிக் கேட்கிறது? நிஜத்தைச் சொல்.

ஷோஷன்னா


ஆழ்வார்பேட்டை,
14 டிசம்பர் 2025

ஷாலோம் அக்கா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மா தும்முகிறாள், நான் இருமுகிறேன், மற்றபடி நலம். ஆகஸ்ட் விஷயம் என் வயிற்றுக்குள்ளேயே இருக்கும்.

வெள்ளிக்கிழமை பேசினேன். படுதோல்வி. அரை மணி நேரக் கதையை ஆறு நிமிஷத்தில் முடித்துவிட்டேன். "அண்ணனுங்க எல்லாம் சேர்ந்து அவனைக் குழியில தள்ளிட்டானுங்க. தப்புதான். ஆனா அவன் மேலயும் தப்பு கீது. கனவு கண்டா மனசுல வெச்சிக்கணும், எல்லாருக்கும் சொல்லிக்கினு திரிஞ்சா இப்டித்தான்." அபயாம்பாள் மாமி போன் செய்தார். "ஏண்டா, கதை சொல்றியா, போலீஸ் ஸ்டேஷன்ல ரிப்போர்ட் எழுதறியா? பாதி கேட்டுண்டு இருக்கறச்சயே முடிஞ்சுடுத்தேடா!" மிச்ச நேரத்துக்குப் பாட்டு. விளக்கு நேரத்தை மட்டும் நீ எழுதினபடி சொன்னேன்.

அம்மா என்னோடு வந்திருந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள். நிகழ்ச்சி முடிந்து ஒலிபரப்பு வேறு பக்கம் போன பிறகு, அவள் முன்னாடி இருந்த மைக்கை மூட மறந்துவிட்டேன். ஹெட்போனைக் கழற்றப் போகிறேன், காதுக்குள் யாரோ பேசினார்கள்.

"மோசம்."

அக்கா, அது அம்மா. ஏழு வாரம் கழித்து நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான். வீட்டில் இரண்டடி தள்ளி நின்றால் கேட்காது. மைக் உதட்டுக்கு ஒட்டினாற்போல் இருந்தது, நான் சத்தத்தை முழுசாக ஏற்றினேன், இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். "மோசம்டா. ரொம்ப மோசம்." காய்ந்த இலையைத் தேய்க்கிற மாதிரி இருக்கிறது. பழைய குரல் இல்லை. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் விழுகிறது. எப்படிக் கேட்கிறது என்று கேட்டாயே, இப்படித்தான்.

இருபத்தாறாம் தேதி மைக் முன்னால் அவளே உட்காருவதாக எழுதிக் காட்டினாள். அரை மணி நேரம் முடியாது. கதையை நான் சொல்கிறேன், கடைசி மட்டும் அவள்.

கேட்பாயா என்று நான் கேட்கவில்லை.

யோனா


ஆழ்வார்பேட்டை,
18 டிசம்பர் 2025

ஷோஷி,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பேசியே காலம் போய்விட்டது. அதனால் கடிதமும் காலண்டர் தாளில்தான் வருகிறது. நாலு நாள் கிழித்திருக்கிறேன்.

போன வருஷம் நான் சொன்னதைத் திரும்பக் கேட்டேன். யோனாவைப் போடச் சொன்னேன். முதலில், நல்லதுக்குத்தானே சொல்லியிருக்கிறேன் என்று தோன்றியது. மறுபடி போடச் சொன்னேன். இரண்டாவது தடவை உன் மாமியார் வீட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு கேட்டேன். அங்கே உட்கார்ந்து கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது.

மைக்கில் சொன்னதற்கு மைக்கிலேயே மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். யோனா, "மறுபடியுமா?" என்றான். அவன் சொன்ன பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் எனக்கு வேறு வழியே பழகவில்லை, பார்.

தப்புதான் ஷோஷி. இதை நீ மட்டும் படி.

பதில் எழுதினால் எழுது.

அம்மா


ஆழ்வார்பேட்டை,
27 டிசம்பர் 2025

ஷாலோம் அக்கா,

எழுதக் கூடாத சபாத் அன்றைக்கு எழுதுகிறேன். அம்மா தூங்குகிறாள், சொல்லிவிடாதே. உடம்பு எல்லாருக்கும் சுமார். சுமார் என்றால் நல்லது என்று அர்த்தம்.

நீ கேட்டாயா என்று தெரியாது. நேற்று நான் திரையைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று அம்மா அதன் மேல் தன் துப்பட்டாவைப் போட்டு மூடிவிட்டாள்.

கரீமுல்லா பாய் வந்திருந்தார். அபயாம்பாள் மாமி மூன்று மாடி மூச்சு வாங்க ஏறி, ஒரு தூக்கு நிறைய சுண்டல் கொண்டுவந்தார். கதையை இந்தத் தடவை இருபது நிமிஷம் இழுத்தேன், மாமி ஒரு சுண்டல் கொடுத்தார். யோசேப்பு அழுகையை அடக்க முடியாமல், இருக்கிற எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் அண்ணன்களிடம் தான் யார் என்று சொல்கிறான். அதை ஏன் அப்படிச் செய்தான் என்று எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்றே ரேடியோவிலும் சொல்லிவிட்டேன்.

நாலு இருபத்தெட்டுக்கு அம்மா கையை அசைத்தாள். வெளியே போ என்று. என்னையும் சேர்த்து. எல்லாரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தோம். நான் சத்தத்தை முழுசாக ஏற்றினேன். அம்மா மைக்கை வாயோடு ஒட்டவைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வந்தது. மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் பேசினாள்.

"நேயர்களே. பதினாறு வருஷம். தேங்க்ஸ். இன்னிக்கி விளக்கேத்தற நேரம். சென்னையில அஞ்சு முப்பது."

முடிந்தது என்று நினைத்து நான் கையை எடுக்கப் போனேன். அம்மா இன்னும் மைக்கை விடவில்லை.

"தானேல, அஞ்சு நாப்பத்தொம்பது."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தானேவா? அது எங்க கீது நைனா?" மேடம், "தானேல யாருப்பா?" என்றார், அக்டோபரில் கேட்ட மாதிரியே. இந்தத் தடவையும் தெரியாது என்றேன்.

ஆட்டோவில் வரும்போது அம்மாவின் பையில் உன் ஊர்ச் சூரியன் நேரங்களை ஒரு தாளில் கண்டேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச். நிகழ்ச்சியே இல்லாத மாதங்களுக்கும் எழுதி வைத்திருக்கிறாள்.

யோனா


தானே,
28 டிசம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் கழுத்துத் தழும்பு ஆறிவிட்டதா?

காலண்டர் தாள் நாலும் வந்தன. நான் மட்டும்தான் படித்தேன்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, வீட்டிலேயே உட்கார்ந்து கேட்டேன். முதலில் உன் மூச்சுதான் கேட்டது. போன் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தட்டினேன். அப்புறம் நீ நேரம் சொன்னாய். இரண்டு நேரம்.

ஐந்தரைக்கு, பழக்கத்தில், தீப்பெட்டியை எடுத்துவிட்டேன். எடுத்ததைக் கீழே வைத்தேன். பத்தொன்பது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அப்படிச் சும்மா உட்கார்ந்ததே இல்லை. ஜன்னலில் வெயில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்து நாற்பத்தொன்பதுக்கு ஏற்றினேன். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

உன்னிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. ஆகஸ்டிலிருந்து வைத்திருக்கிறேன். இதை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

போன் பண்ணு. இனி நீயும் கத்த முடியாது, எனக்கும் கத்தத் தெம்பில்லை. சத்தம் வராவிட்டால் பரவாயில்லை. காதோடு ஒட்ட வைத்துக்கொள்கிறேன்.

உன் மகள்,
ஷோஷி